தானாக ஊர்ந்த மணிக்குவியல்: சிறுமணிச் சிமுலேஷன் ஒன்றில் தொடுகை நினைவு தொலைந்த நிகழ்வு

பின்னணி

உலர்ந்த மணிகளைக் கொட்டிக் குவித்து, யாரும் தொடாமல் விட்டுவிட்டால் குவியலின் சாய்வு அப்படியே நிற்குமா, நாளாக நாளாகத் தளருமா? கோட்பாட்டு இயற்பியல் குழு ஒன்று இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. குழுவில் மூன்று பேர்: நெறியாளர், முனைவர் பட்ட மாணவி, கணினிப் பணிகளைக் கவனித்த முதுநிலை ஆய்வாளர்.

ஊர்வு, அதாவது கண்ணுக்குத் தெரியாத மெதுவான நகர்வு, இருக்கும் என்று எதிர்பார்க்க நல்ல காரணங்கள் இருந்தன. 1995இல் சிகாகோவில் நடந்த சோதனையில், குழாயில் நிரப்பிய கண்ணாடி மணிகளைத் திரும்பத் திரும்பத் தட்டியபோது அடர்த்தி மடக்கைச் சார்பைப் போல மிக மெதுவாகக் கூடியது. 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மேற்பரப்பில் மணிகள் ஓடிக்கொண்டிருக்கும் குவியலில், அசையாதது போலத் தெரியும் அடிப்பகுதியும் ஊர்கிறது என்றும், ஊரும் வேகம் ஆழத்தோடு அடுக்குக்குறி முறையில் குறைகிறது என்றும் காட்டினார்கள். ஆகவே சிமுலேஷனில் மெதுவான ஊர்வு தெரிந்தபோது குழுவில் யாரும் திடுக்கிடவில்லை. உண்மையில் அந்த ஊர்வு நிரலில் இருந்த ஒரு பிழையால் வந்தது. அது எட்டு மாதம் பிடிபடாமல் போனதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

மாதிரியும் அளவுகளும்

பீட்டர் கண்டாலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் 1979இல் விரிவாக முன்வைத்த தனித்துகள் முறை பயன்பட்டது. ஒவ்வொரு மணியும் ஒரு கோளம். இரண்டு மணிகள் தொடும்போது ஒன்றுக்குள் ஒன்று மிகச் சிறிதளவு புக அனுமதித்து, அந்தப் புகுதலை ஒரு ஸ்பிரிங்காலும் தணிப்பானாலும் எதிர்ப்பார்கள். மணியின் விட்டம் 2 மில்லிமீட்டர், அடர்த்தி கனமீட்டருக்கு 2500 கிலோகிராம். எடை சுமார் 1.03×10⁻⁴ நியூட்டன். செங்குத்துத் திசையில் (தொடும் பரப்புக்குச் செங்குத்தாக) ஸ்பிரிங்கின் விறைப்பு மீட்டருக்கு 1000 நியூட்டன், தொடுதிசை (பரப்பை ஒட்டிய திசை) விறைப்பு வழக்கம் போல அதில் 2/7 பங்கு, அதாவது 286. உராய்வுக் குணகம் 0.5. இந்த விறைப்புக்கு ஒரு மோதல் 0.227 மில்லி வினாடி நீடிக்கும். காலப்படி 4 மைக்ரோ வினாடி. ஒரு மோதலுக்கு 57 படிகள் கிடைப்பதால் தாராளமானது.

இங்கே ஒரு நுணுக்கத்தை விரித்துச் சொல்ல வேண்டும். செங்குத்து விசையைக் கணக்கிட மணிகள் இப்போது இருக்கும் இடம் மட்டும் தெரிந்தால் போதும். தொடுதிசை விசைக்கு அது போதாது. தொடுகை தொடங்கிய கணத்திலிருந்து இரு பரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு நகர முயன்றன என்ற மொத்தக் கணக்கு வேண்டும். அந்த நீட்சியை ஒவ்வொரு தொடுகைக்கும் தனியாகச் சேமித்து, படிக்குப் படி கூட்டிக்கொண்டே போக வேண்டும். நிலை உராய்வு முழுவதும் இந்த நினைவில்தான் இருக்கிறது. நினைவு அழிந்தால் அந்தத் தொடுகை ஒரு கணம் உராய்வே இல்லாததாகிவிடும். மணி நழுவி ஸ்பிரிங்கை மறுபடி இழுத்த பிறகுதான் பிடிமானம் திரும்பும்.

குவியலில் 12,000 மணிகள். அடி ஆரம் 57 மில்லிமீட்டர் அளவு, உயரம் சுமார் 12 மணிகள். நிரல் ஜிபியுவில், அதாவது பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் வரைகலைச் செயலியில், ஓடியது. குழுவின் பழைய ஆய்வு ஒன்றுக்காக, சரிவுப் பாதையில் ஓடும் லட்சக்கணக்கான மணிகளுக்கென்று எழுதப்பட்ட நிரல் அது. பெரிய ஓட்டங்களில் மணிகள் நினைவகத்தில் சிதறிக் கிடந்தால் கணக்கு மெதுவாகும். அதனால் வெளியில் அருகருகே உள்ள மணிகள் நினைவகத்திலும் அருகருகே வரும்படி, 1 லட்சம் படிக்கு ஒருமுறை எல்லா மணிகளையும் மறுவரிசைப்படுத்தும் பகுதி சேர்க்கப்பட்டிருந்தது. குவியல் ஆய்வுக்கு அது தேவையே இல்லை. இருந்தும் அமைப்புக் கோப்பு அப்படியே நகலெடுக்கப்பட்டதால் கூடவே வந்துவிட்டது.

கவனித்தவை

குவியல் ஓய்ந்ததும் சாய்வு 23.4°. 200 வினாடி சிமுலேஷன் நேரத்துக்குப் பிறகு 22.3°. தனித்தனியாகக் கொட்டிய குவியல்களுக்கிடையே 0.1° அளவு வேறுபாடு வந்தது. ஆனால் எந்தக் குவியலிலும் சாய்வு குறைவது தெளிவாக இருந்தது. நேரத்தை மடக்கை அச்சில் வைத்து வரைந்தால் 2 முதல் 200 வினாடி வரை கிட்டத்தட்ட நேர்கோடு. பத்து மடங்கு நேரத்துக்கு அரை பாகைக்குச் சற்று மேல்.

அடுத்து விறைப்பை 4000, 16000 என்று உயர்த்தினார்கள். காலப்படி அதற்கேற்ப 2, 1 மைக்ரோ வினாடியாகச் சுருங்கியது. ஊர்வு தாமதமானது. மூன்று கோடுகளையும் ஒன்றாக்க என்ன செய்யலாம் என்று தேடியபோது அழகான விடை கிடைத்தது: கிடை அச்சில் நேரத்தை மோதல் காலத்தால் பெருக்கி, விட்டத்துக்கும் ஈர்ப்பு முடுக்கத்துக்கும் உள்ள விகிதத்தால் வகுத்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. பரிமாணமற்ற ஒற்றை மாறி, ஒற்றைக் கோடு. ஆய்வுக் கட்டுரையின் வரைவு இந்தப் படத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டது. ஒரு கருத்தரங்கிலும் மாணவி இதை எடுத்துரைத்தார்.

சந்தேகங்கள், அவற்றுக்கு வைத்த சோதனைகள்

குழு கவனக்குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. வரைவுக்கு முன்பே மூன்று சோதனைகள் நடந்தன. மூன்றும் நியாயமானவை, மூன்றிலும் பிழை தப்பியது. அது எப்படி என்று பார்ப்பது பயனுள்ளது.

முதல் சந்தேகம் எண்களின் துல்லியம் பற்றியது. நிரல் மணிகளின் இருப்பிடத்தை 32 பிட் எண்ணாக வைத்திருந்தது. 0.1 மீட்டர் அளவுள்ள எண்ணுக்கு அதன் மிகச் சிறிய படி 7 நானோமீட்டர். ஒரு மணி தன் எடையால் மட்டும் அழுந்தும்போது புகுதல் 103 நானோமீட்டர்தான். ஆக, நூற்றுக்கு ஏழு பங்கு பிழை ஒவ்வொரு படியிலும் நுழையலாம். நல்ல சந்தேகம். 64 பிட்டுக்கு மாற்றினார்கள்; சாய்வு அதே வேகத்தில் சரிந்தது. துல்லியம் காரணமில்லை என்று முடிவானது. அது சரியான முடிவே.

இரண்டாவது, சாய்தளச் சோதனை. சுழலாதபடி பூட்டிய ஒற்றை மணியை 15° சாய்ந்த தட்டையான சுவரில் வைத்தார்கள். உராய்வுக் குணகம் 0.5 என்றால் 26.6° வரை மணி நிற்க வேண்டும். நின்றது, 200 வினாடியில் அசையவில்லை. உராய்வுப் பகுதி சரி என்று தீர்மானித்தார்கள். ஆனால் சுவருடனான தொடுகைகள் நிரலில் தனிப் பட்டியலில் இருந்தன, மறுவரிசை அந்தப் பட்டியலைத் தொடுவதே இல்லை. சோதித்தது ஒரு பாதை, குவியல் பயன்படுத்தியது இன்னொரு பாதை.

மூன்றாவது, உந்த அழிவின்மை. எல்லா உள்விசைகளின் கூடுதலும் பூச்சியமாக இருந்தது. இருக்கத்தான் செய்யும்: ஒவ்வொரு இணையையும் நிரல் ஒருமுறை கணக்கிட்டு, ஒரு மணிக்குக் கூட்டி மற்றதற்குக் கழிக்கிறது. விசையே தவறாக இருந்தாலும் அது எதிரெதிராகத்தான் இருக்கும். நினைவு தொலைவதை இந்தச் சோதனையால் ஒருபோதும் காட்ட முடியாது.

நான்காவதாக ஒரு அறிகுறி தானே வந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. ஓய்ந்த அதே குவியலை அதே கோப்பிலிருந்து இரண்டு முறை ஓட்டினால் சாய்வு 0.02° வேறுபட்டது. ஜிபியுவில் கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் மாறும், அது இயல்பு என்று விட்டுவிட்டார்கள். கொட்டும் கட்டத்தில் அந்த விளக்கம் பொருந்தும். மோதல்கள் சிறு வேறுபாட்டைப் பெருக்கிவிடும். ஓய்ந்து நிற்கும் குவியலில் பெருக்க எதுவும் இல்லை. 64 பிட்டிலும் 0.02° நீடித்தது என்பது அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

திருப்பம்

வரைவைப் படித்த வெளி ஆய்வாளர் ஒருவர் ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்பினார்: இந்தக் குவியலை நகர்த்துவது எது?

கேள்வி எளிமையானது, பதில் இல்லை. மாதிரியில் உள்ள கால அளவுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. மோதல் காலம் 0.227 மில்லி வினாடி, தணிப்புக் காலம் அதே வரிசை, தன் விட்டம் அளவு விழ ஒரு மணி எடுக்கும் காலம் 20 மில்லி வினாடி அளவு. நூறு வினாடி எங்கிருந்து வருகிறது? வெப்ப அசைவு கிடையாது. அறை வெப்பநிலையில் அதன் ஆற்றலைக் காட்டிலும், ஒரு மணியை அதன் விட்டம் அளவு தூக்கும் ஆற்றல் 5×10¹³ மடங்கு பெரியது. உண்மைக் குவியலில் ஈரம், வெப்பநிலை ஏற்ற இறக்கம், தரையதிர்வு, தொடுபுள்ளிகளின் நுண்முகடுகள் மெல்லத் தளர்வது என்று பல காரணங்கள் உண்டு. மாதிரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: இயக்க ஆற்றலை நெருக்கமான இடைவெளியில் பதிந்து காட்டுங்கள். அதுவரை பதிவு 5 லட்சம் படிக்கு ஒருமுறை, அதாவது 2 வினாடிக்கு ஒருமுறை. மாணவி அதை 997 படிக்கு ஒருமுறை என்று மாற்றி ஓட்டினார். வரைபடம் சீப்பைப் போல இருந்தது. ஆழ்ந்த அமைதி, சட்டென ஒரு முள், பத்துக்கணக்கான மில்லி வினாடியில் அடக்கம், மறுபடி அமைதி. முட்களுக்கிடையே இம்மியும் பிசகாமல் 0.4 வினாடி. இயற்கையான சரிவுகள் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. 0.4 வினாடி என்பது 1 லட்சம் படி.

முன்பு ஏன் தெரியவில்லை? 5 லட்சம், 1 லட்சத்தின் சரியான மடங்கு. நிரலில் பதிவு முதலில், மறுவரிசை அதற்குப் பின். ஆகவே ஒவ்வொரு பதிவும், முந்தைய முள் முழுவதும் அடங்கி அடுத்த முள் எழுவதற்குச் சற்று முன்னதாக எடுக்கப்பட்டது. வட்ட எண்களின் மீதுள்ள பழக்கம் பிழையை மறைத்துக்கொண்டே இருந்தது.

பிழை இருந்த இடம்

ஒவ்வொரு இணையின் நீட்சியையும், நினைவகத்தில் எந்த மணியின் எண் சிறியதோ அந்த மணியின் பட்டியலில் நிரல் வைத்திருந்தது. மறுவரிசையின்போது மணிகளோடு பட்டியல்களும் புது இடத்துக்குச் சரியாகப் போயின. ஆனால் 40ஆம் எண்ணும் 41ஆம் எண்ணும் இடம் மாறிக்கொண்டால் என்ன ஆகும்? நீட்சி பழைய 40இன் பட்டியலில் இருக்கிறது. அந்த மணியின் எண் இப்போது 41. நிரல் இப்போது சிறிய எண்ணுள்ள மணியின் பட்டியலில் தேடுகிறது, அங்கே எதுவும் இல்லை. புதுத் தொடுகை என்று எண்ணிப் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. பழைய பதிவு அந்தப் படியில் யாராலும் தொடப்படாததால் அழிக்கப்படுகிறது.

மணிகள் அசையாதபோது எண்கள் ஏன் மாற வேண்டும்? மறுவரிசை, வெளியைச் சிறு அறைகளாகப் பிரித்து அறை வாரியாக மணிகளை அடுக்கியது. அறைகளின் வரிசை மாறவில்லை, அறைக்குள் இருந்த வரிசைதான் மாறியது. ஜிபியுவில் ஒரே நேரத்தில் ஓடும் பணியிழைகள் போட்டி போட்டுக்கொண்டு அறையை நிரப்பியதால், எந்த மணி முதலில் எழுதப்படும் என்பது ஒவ்வொரு முறையும் தற்செயல். அறையின் பக்கம் 2.5 விட்டம். தொடும் இரு மணிகள் ஒரே அறையில் இருக்கும் வாய்ப்பு கணக்குப்படி சுமார் பாதி. அவற்றில் பாதி இடம் மாறும். எனவே ஒவ்வொரு மறுவரிசையிலும் நான்கில் ஒரு தொடுகை உராய்வை மறந்தது. ஒரே கோப்பை இரண்டு முறை ஓட்டினால் விடை மாறியதற்கும் இதுவே விளக்கம்.

அழகான ஒற்றைக் கோட்டுக்கும் விளக்கம் கிடைத்தது. ஒருமுறை மறந்தால் நழுவும் தூரம் விறைப்புக்கு எதிர்விகிதம், அதாவது மோதல் காலத்தின் இருமடிக்கு நேர்விகிதம். மறுவரிசை படிகளின் எண்ணிக்கைப்படி நடப்பதால், ஒரு வினாடியில் நடக்கும் எண்ணிக்கை மோதல் காலத்துக்கு எதிர்விகிதம். இரண்டையும் பெருக்கினால் மோதல் காலமே மிஞ்சும். புதிய இயற்பியல் என்று எண்ணியது நிரலின் ஒரு எண்ணிக்கை விதிதான்.

முடிவுகள்

முதல் முடிவு: கட்டுரையை அனுப்புவதை அன்றே நிறுத்துவது. ஒரே ஒரு சீப்புப் படத்தை வைத்து எட்டு மாத வேலையைக் கைவிடலாமா என்ற தயக்கம் இருந்தது. நெறியாளர், பிழை என்று உறுதிப்படுத்த ஒரு வார காலமும் தனித்தனியான இரண்டு சான்றுகளும் வேண்டும் என்றார். இந்த நிபந்தனை நல்லது. அவசரமாகத் திருத்தத் தொடங்கியிருந்தால் ஊர்வு எதனால் நின்றது என்பது தெரியாமலே போயிருக்கும்.

முதல் சான்றுக்கு மறுவரிசை இடைவெளியை 50,000, 1 லட்சம், 2 லட்சம் என்று மாற்றினார்கள். நேரத்தை வைத்து வரைந்தால் மூன்று கோடுகள். மறுவரிசை எண்ணிக்கையை வைத்து வரைந்தால் ஒரே கோடு. மறுவரிசையை நிறுத்திவிட்டால் 200 வினாடியில் சாய்வு 0.01°கூட மாறவில்லை.

இரண்டாவது சான்று இரண்டே மணிகளில். கீழ்மணி அசையாதது, மேல்மணி சுழலாதது, ஈர்ப்பு இல்லை. மேல்மணியை 10⁻³ நியூட்டனால் அழுத்தி, பக்கவாட்டில் 2×10⁻⁴ நியூட்டனால் தள்ளினார்கள். உராய்வு 5×10⁻⁴ வரை தாங்கும், ஆகவே மணி நிற்க வேண்டும். 0.70 மைக்ரோமீட்டர் நகர்ந்து நின்றது; விசையை 286ஆல் வகுத்தால் வரும் அளவு அதுவே. பிறகு இரு மணிகளின் எண்களைக் கையால் மாற்றினார்கள். இன்னொரு 0.70 நகர்ந்தது. பத்து முறை மாற்றியபோது பத்து படிக்கட்டுகள், ஏறத்தாழ ஒரே உயரம். இந்தப் படம் வந்த பிறகு குழுவில் யாருக்கும் ஐயம் இல்லை.

திருத்தம், அதற்கும் ஒரு திருத்தம்

எண் வரிசை மாறிய இணைகளின் நீட்சியைப் புதுப் பட்டியலுக்கு எடுத்துச் செல்லும்படி முதல் திருத்தம் எழுதப்பட்டது. ஓட்டினால் குவியல் முன்னைவிட வேகமாகச் சரிந்தது! நீட்சி ஒரு திசையன். முதல் மணியின் பார்வையில் எழுதப்பட்டது. இணையைத் திருப்பிப் போட்டால் அதன் குறியும் மாற வேண்டும். குறி மாறாததால் உராய்வு தாங்குவதற்குப் பதிலாகத் தள்ளியது. இரண்டு மணிச் சோதனையில் படிக்கட்டின் உயரம் 0.70க்குப் பதிலாக 1.4 மைக்ரோமீட்டருக்குக் குறையாமல் வந்தது, காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. குவியலை மட்டும் பார்த்திருந்தால் இதைக் கண்டுபிடிக்க இன்னும் பல நாள் ஆகியிருக்கும்.

இறுதி வடிவத்தில் ஒவ்வொரு மணிக்கும் மாறாத அடையாள எண் தரப்பட்டது. இணையை அந்த எண்ணின் வரிசைப்படியே சேமிப்பது, தேடுவது, குறியை அதன்படியே வைப்பது என்று முடிவு. நினைவகத்தில் மணி எங்கே கிடக்கிறது என்பதற்கும் உராய்வுக்கும் இனித் தொடர்பில்லை.

பின்விளைவு

திருத்திய நிரலில் குவியல் சில வினாடிகளில் ஓய்ந்து, அதன்பின் அசையவில்லை. மடக்கை ஊர்வு என்ற முடிவு கைவிடப்பட்டது. கருத்தரங்கில் கேட்டவர்களுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பப்பட்டது. மறுவரிசைப் பகுதியை எழுதியவர் குழுவைவிட்டுப் போய்விட்ட முன்னாள் மாணவர். குறிப்பில் அவரைச் சுட்ட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஓடும் மணிகளுக்கென எழுதிய பகுதியை நிலையான குவியலுக்குச் சோதிக்காமல் எடுத்தது இப்போதைய குழுதான்.

பழைய சரிவுப் பாதைக் கட்டுரையையும் சோதிக்க வேண்டியிருந்தது. வேகமான ஓட்டத்தில் ஒரு தொடுகை பத்துக்கணக்கான மில்லி வினாடிக்குள் பிரிந்துவிடும், 0.4 வினாடிக்கு ஒருமுறை சிலவற்றின் நினைவு போனாலும் சராசரியில் தெரியாது. மூன்று சிமுலேஷன்களை மறுபடி நடத்தியதில் வேகப் படிவம் புள்ளியியல் பிழைக்குள்ளேயே இருந்தது. ஓட்டம் நின்றுபோகும் கோணத்துக்கு அருகில் தொடுகைகள் நீண்ட நேரம் வாழ்கின்றன. அந்தப் பகுதிக்கு இந்த வாதம் பொருந்தாது.

மாற்றியவை

ஆற்றல் கணக்கு இப்போது எல்லாச் சிமுலேஷனிலும் உண்டு: ஈர்ப்பாற்றல் குறைந்த அளவு, தணிப்பிலும் நழுவலிலும் செலவானது, ஸ்பிரிங்குகளில் தங்கியது. நினைவு அழியும்போது ஸ்பிரிங்கின் ஆற்றல் எந்தக் கணக்கிலும் ஏறாமல் மறைகிறது. இரண்டு மணிச் சோதனையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 7×10⁻¹¹ ஜூல். சிறிய தொகை, ஆனால் மாற்றத்துக்கு மாற்றம் சேர்ந்துகொண்டே போகும், மறைக்க முடியாது. இந்தக் கணக்கு முதலிலேயே இருந்திருந்தால் பிழை முதல் வாரத்தில் பிடிபட்டிருக்கும் என்றே தோன்றுகிறது.

பதிவு இடைவெளி இனி பகா எண். நிரலின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு இடைவெளியையும், மறுவரிசை, அண்டைப் பட்டியல் (எந்த மணிக்கு அருகில் எவை என்ற பட்டியல்) புதுப்பிப்பு இரண்டையும் சேர்த்து, இருமடங்காக்கி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். விடை அசைந்தால் அது இயற்பியல் இல்லை. ஓய்ந்த குவியலை இரண்டு முறை ஓட்டி ஒப்பிடுவதும் சேர்ந்தது. விறைப்பை மாற்றும்போது மறுவரிசையைப் படிகளில் வைக்காமல் வினாடிகளில் வைக்கிறார்கள். இரண்டு மணிச் சோதனை, எண்களை மாற்றியும் மாற்றாமலும், சிமுலேஷன்களின் ஒவ்வொரு தொகுப்புக்கு முன்னும் ஓடுகிறது; சில வினாடிகள்தான் ஆகும்.

மாணவி இப்போது அளவு தெரிந்த சிறு அதிர்வை அடித்தளத்துக்குக் கொடுத்து, அதே குவியலை மறுபடி ஓட்டுகிறார். சரிவுப் பாதைக் கட்டுரையில், நின்றுபோகும் கோணத்துக்கு அருகில் உள்ள பழைய சிமுலேஷன்கள் மறுபடி ஓட இன்னும் வரிசையில் இருக்கின்றன. அவை முடியும் வரை அந்தக் கோணப் பகுதிக்கான படத்தை எங்கும் பயன்படுத்துவதில்லை என்று குழு ஒத்துக்கொண்டிருக்கிறது.